ஃபார்மட் போடும் முன் ஒரு வார்த்தை கேளுங்கள், தம்பிகளே

ஆலங்குளம், வெம்பக்கோட்டை, சிவகாசி, சாத்தூர், ராஜபாளையம் வட்டாரத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கும் தம்பிகளுக்கும் அண்ணாச்சிமாருக்கும்,

நான் இந்தப் பக்கத்துப் பட்டாசுப் பயராபீஸ்களுக்கும் தீப்பெட்டி ஆபீஸ்களுக்கும் கணக்கு எழுதிக் கொடுக்கிறவள். டேலி, ஜிஎஸ்டி, ஈ-வே பில் என்று பகல் பொழுது முழுக்க கம்ப்யூட்டர் முன்னால்தான் போகிறது. அது மக்கர் செய்தால் நான் ஓடி வருவது உங்களிடம்தான். உங்களில் பலரை நேரில் தெரியும், சிலரைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளையாகவே தெரியும். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

யாராவது லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு வந்து, "பாஸ்வேர்டு மறந்துபோச்சு, உள்ள போக முடியலை" என்று உங்கள் மேசையில் வைத்தால், நிறையக் கடைகளில் வரும் முதல் பதில் ஒன்றுதான்: "ஃபார்மட் போடணும். ஐந்நூறு ரூபா. சாயங்காலம் வந்து வாங்கிக்கோங்க." வந்தவருக்கு ஃபார்மட் என்றால் என்னவென்று தெரியாது. ஏதோ ரிப்பேர் என்று நினைத்துத் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். சாயங்காலம் லேப்டாப் திறக்கும். உள்ளே இருந்தது எதுவும் இருக்காது.

இதை நிறுத்துங்கள் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம். பாஸ்வேர்டு மறந்ததற்கும் உள்ளே இருப்பது அழிவதற்கும் சம்பந்தமே இல்லை. பெரும்பாலான பழைய லேப்டாப்களில் ஒரு ஃபைல்கூடப் போகாமல் எல்லாவற்றையும் எடுத்துவிடலாம். இது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். தெரிந்தும் செய்யாததற்குக் காரணம் சோம்பேறித்தனம் என்று நான் சொல்லவில்லை. ஃபார்மட் போட்டால் வேலை சுத்தமாக முடிகிறது, வைரஸும் போகிறது, கேள்வி வராது. ஃபைலைத் தேடி எடுக்க நேரமாகும், அதற்கு யாரும் தனியாகக் காசு தருவதில்லை. அந்த நியாயத்துக்குப் பின்னால் வருகிறேன்.

நம் ஊரில் லேப்டாப் எப்படி வந்தது என்பதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். 2011 செப்டம்பர் 15 அன்று அரசு விலையில்லா லேப்டாப் திட்டம் தொடங்கியது. மருந்து அடைக்கிற கைகளும் தீப்பெட்டி ஒட்டுகிற கைகளும் இருந்த வீடுகளில், வீட்டின் முதல் கம்ப்யூட்டர் பிளஸ் டூ படித்த பிள்ளையின் பையில்தான் வந்து இறங்கியது. பிள்ளை பிறகு திருப்பூருக்கோ கோயம்புத்தூருக்கோ வேலைக்குப் போனது, இல்லை கல்யாணமாகிப் போனது. லேப்டாப் துணி சுற்றிப் பரணில் கிடந்தது. நாலைந்து வருஷம் கழித்துத் தம்பியோ தங்கையோ அதை எடுத்து சார்ஜ் போடும்போது பாஸ்வேர்டு யாருக்கும் ஞாபகமில்லை. வைத்த பிள்ளைக்கே ஞாபகமில்லை. இப்படித்தான் அது உங்கள் கடைக்கு வருகிறது.

சக்கரம் சுற்றும் ஒரு பயராபீஸில் வேலை பார்க்கிற அக்கா ஒருவர் எனக்குப் பழக்கம். அவருடைய வீட்டுக்காரர் இறந்து சில வருஷம் ஆகிறது. கூச்சக்காரர், கல்யாணம் காதுகுத்து எங்கே போனாலும் போட்டோ என்றால் பின்னால் போய் நின்றுகொள்வார். ரேஷன் கார்டில் இருக்கிற தெளிவில்லாத முகத்தைத் தவிர வீட்டில் அவர் படம் கிடையாது. ஆனால் மகளுக்கு லேப்டாப் வந்த அன்று சாயங்காலம் அவள் அப்பாவைப் பிடித்து உட்கார வைத்து அதன் கேமராவில் படம் எடுத்திருக்கிறாள். ஒன்றில்லை, வரிசையாக எடுத்திருக்கிறாள். அவர் முதலில் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாராம், பிறகு திரையில் தன்னையே பார்த்துச் சிரிக்கிறாராம், கடைசிப் படத்தில் மகளின் தலையில் கை வைத்திருக்கிறாராம். நான் அந்தப் படங்களைப் பார்த்ததில்லை. இனி யாரும் பார்க்கவும் முடியாது. வருஷத் திதிக்கு ஒரு படம் பெரிதாக்கி மாட்டலாம் என்று அந்த அக்கா லேப்டாப்பை ஒரு கடைக்குக் கொண்டுபோனார். எந்தக் கடை என்பது இங்கே வேண்டாம். படம் வேண்டும் என்றுதான் கொண்டுபோனார், ஆனால் கடையில் "பாஸ்வேர்டு மறந்துபோச்சு" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். எதற்குத் திறக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. சாயங்காலம் பளபளவென்று புது விண்டோஸ் போட்டுக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து மகளுக்குப் போன் போட்டு, "படம் எங்கடி இருக்கு" என்று அவர் கேட்ட பிறகுதான் விஷயம் தெரிந்தது.

அந்தக் கடைத் தம்பி கெட்டவர் இல்லை. அவர் கேட்க வேண்டியிருந்தது ஒரே ஒரு கேள்வி: "உள்ள என்னக்கா இருக்கு?"

அந்த லேப்டாப்பில் படங்களை எடுப்பது எத்தனை சுலபமாக இருந்திருக்கும் என்று நினைத்தால்தான் மனசு ஆறவில்லை. முதலில் வந்த அரசு லேப்டாப்களில் விண்டோஸும் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தன. விண்டோஸ் பாஸ்வேர்டு தெரியாவிட்டால் ஆன் செய்யும்போது லினக்ஸைத் தேர்ந்தெடுத்து உள்ளே போய், அங்கிருந்தே விண்டோஸ் பகுதியைத் திறந்து ஃபைல்களைப் பென்டிரைவில் இழுத்துவிடலாம். லினக்ஸ் பாஸ்வேர்டும் மறந்துவிட்டதா? அதையும் புதுசாக வைக்க வழி உண்டு. லினக்ஸையே யாரோ எடுத்துவிட்டார்களா? உபுண்டு போட்ட ஒரு பென்டிரைவிலிருந்து பூட் செய்யலாம். அல்லது ஹார்ட் டிஸ்கைக் கழற்றி உங்கள் கம்ப்யூட்டரில் மாட்டலாம். விண்டோஸ் முழுசாக அணையாமல் கிடந்தால் லினக்ஸ் அந்த டிஸ்கைப் படிக்க மட்டும் விடும், எழுத விடாது. நமக்கு வேண்டியது படிப்பதுதானே.

இது எப்படிச் சாத்தியம் என்று வாடிக்கையாளர் கேட்டால் நான் இப்படித்தான் சொல்வேன். என்கிரிப்ட் செய்து பூட்டாத டிஸ்கில் லாகின் பாஸ்வேர்டு என்பது பயராபீஸ் கேட்டில் நிற்கிற வாட்ச்மேன் மாதிரி. கேட் வழியாக வருகிறவரைத்தான் அவர் நிறுத்துவார், சரக்கு இருக்கும் ஷெட்டுக்கு அவர் பூட்டுப் போடவில்லை.

இன்னொன்றையும் அவர்களுக்குச் சொல்லுங்கள். "பழைய பாஸ்வேர்டு என்னன்னு மட்டும் கண்டுபிடிச்சுக் குடுங்க" என்று கேட்பார்கள். கம்ப்யூட்டருக்கே அது தெரியாது. 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் எம்ஐடியில் ஃபெர்னாண்டோ கார்பட்டோவின் குழு ஒரே கம்ப்யூட்டரைப் பலர் பங்கு போட்டுப் பயன்படுத்த பாஸ்வேர்டு முறையைக் கொண்டுவந்தபோது, எல்லார் பாஸ்வேர்டும் ஒரு ஃபைலில் அப்படியே எழுதி வைக்கப்பட்டிருந்தது. 1966-இல் ஒரு கோளாறில் அந்த ஃபைல் முழுக்க, உள்ளே நுழைந்த ஒவ்வொருவர் முன்னாலும் வந்து விழுந்தது. பின்னாளில் பாஸ்வேர்டை அப்படியே வைக்காமல், திரும்பப் பெற முடியாதபடி உருமாற்றிய அச்சை மட்டும் வைக்கும் வழக்கம் வந்தது. நாம் அடிக்கிறதை அதே மாதிரி உருமாற்றி, இரண்டும் ஒன்றா என்று மட்டும் அது பார்க்கிறது. யுனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்ப்சன் பல வருஷத்துக்கு முன் வைத்த பாஸ்வேர்டை, பழைய ஃபைலில் கிடந்த அந்த அச்சிலிருந்து 2019-இல்தான் கண்டுபிடித்தார்கள். அது ஒரு சதுரங்க ஆட்டத் தொடக்கத்தின் குறிப்பு. ஆகவே நாம் செய்வது கண்டுபிடிப்பது அல்ல, மாற்றி வைப்பதுதான். விண்டோஸில் அதற்கான கருவியை நார்வேக்காரரான பெட்டர் நோர்டால் ஹாகன் 1997-இலேயே இலவசமாகக் கொடுத்துவிட்டார்.

ஆனால் அப்படி வெளியிலிருந்து மாற்றுவதிலும் ஒரு சங்கடம் இருக்கிறது, அதைச் சொல்லாமல் செய்யாதீர்கள். விண்டோஸ் லோக்கல் கணக்கில் பாஸ்வேர்டை இப்படி வலுக்கட்டாயமாக மாற்றினால் குரோமில் சேமித்து வைத்த பாஸ்வேர்டுகள் போய்விடும். விண்டோஸிலேயே என்கிரிப்ட் செய்து வைத்த ஃபைல் ஏதாவது இருந்தால் அதுவும் திறக்காது. பழைய பாஸ்வேர்டு எப்படியாவது ஞாபகம் வந்து, உள்ளே போய் மாற்றினால் எதுவும் போகாது. அதனால் ஞாபகப்படுத்திப் பார்க்க ஒரு நாள் அவகாசம் கொடுப்பதில் தப்பில்லை. அவசரமென்றால் ஃபைல்களை மட்டும் முதலில் எடுத்துக் கொடுங்கள்.

அதற்கும் முன்னால், மறந்தேவிட்டதா என்று பார்க்க வேண்டாமா? கேப்ஸ் லாக் எரிந்துகொண்டிருக்கும். கீழே வலது மூலையில் மொழி தமிழுக்கு மாறி நிற்கும். தமிழ்99 பழகிய பிள்ளைகள் வீட்டில் இது அடிக்கடி நடக்கிறது. ஒரு எழுத்துச் சாவி செத்துப்போய் அந்த எழுத்து மட்டும் விழாமல் இருக்கும். கண் படத்தை அமுக்கி என்ன விழுகிறது என்று பார்த்தால், திரைக் கீபோர்டில் ஒரு தடவை அடித்தால், அங்கேயே தெரிந்துவிடும். பின் நம்பரையும் பாஸ்வேர்டையும் ஒன்றென்று நினைக்கிறவர்கள் நிறையப் பேர். பின்னைப் பல தடவை தப்பாக அடித்தால் ஏ1பி2சி3 என்று அடிக்கச் சொல்லும். கை தவறி அடிபட்டதா, ஆள்தான் அடிக்கிறாரா என்று பார்ப்பதற்காக விண்டோஸே கேட்பது அது. அதைப் பார்த்து வைரஸ் வந்துவிட்டது என்று பயந்து தூக்கிக்கொண்டு வருகிறார்கள். 2018-க்குப் பிறகான விண்டோஸ் 10-இல் லோக்கல் கணக்குக்கு மூன்று பாதுகாப்புக் கேள்வியும் உண்டு. முதல் செல்லப்பிராணியின் பெயர் என்ன என்று இங்கிலீஷில் கேட்டால் நம் பிள்ளை என்ன பதில் போட்டிருக்கும்? பெரும்பாலும் தன் பெயரையே மூன்று இடத்திலும் போட்டிருக்கும். அதை ஒரு தடவை முயன்று பாருங்கள்.

இப்போது என் தொழிலுக்கு வருகிறேன். ஆபீஸ் கம்ப்யூட்டரின் பாஸ்வேர்டு கணக்கப்பிள்ளை ஒருவருக்குத்தான் தெரியும். அவர் வேலையை விட்டுப் போய்விடுவார், இல்லை திடீரென்று படுத்துவிடுவார். தீபாவளிக்கு முந்தின மாதங்களில், வடக்கே லோடு ஏற்றுகிற நேரத்தில் இது நடந்தால் முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டு உங்களிடம்தான் வருவார். 50,000 ரூபாய்க்கு மேல் சரக்கு மாநிலம் தாண்ட ஈ-வே பில் வேண்டும், அதற்கு இன்வாய்ஸ் வேண்டும், இன்வாய்ஸ் டேலிக்குள் இருக்கிறது. "எப்படியாவது கம்ப்யூட்டரை ஓட விடுங்க" என்பார். அந்த அவசரத்தில் ஃபார்மட் போட்டால் பல வருஷக் கணக்கு ஒரு மணி நேரத்தில் போகும். ஜிஎஸ்டி சட்டப்படி வருடாந்திர ரிட்டர்ன் தாக்கல் செய்யும் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் கணக்குப் புத்தகங்களை வைத்திருக்க வேண்டும். "கம்ப்யூட்டர் ஃபார்மட் ஆகிவிட்டது" என்பதை எந்த அதிகாரியும் பதிலாக ஏற்க மாட்டார்.

டேலி டேட்டா ஃபோல்டரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். உள்ளே 10000, 10001 என்று வெறும் எண்ணாகத்தான் ஃபோல்டர்கள் இருக்கும். கம்பெனி பெயர் எதுவும் இருக்காது. புதிதாக வேலைக்குச் சேர்ந்த பையன் அதைக் குப்பை என்று நினைத்து விட்டுவிட்டு, டெஸ்க்டாப்பையும் டாக்குமென்ட்ஸையும் மட்டும் காப்பி எடுத்து "பேக்கப் எடுத்துட்டேண்ணே" என்று சொல்வான். ஒரு முதலாளியின் பிழைப்பே அந்த எண்ணுக்குள் இருக்கிறது. சி டிரைவில் இருக்கிறதா டியில் இருக்கிறதா என்று தேடி, எடுத்து, இன்னொரு கம்ப்யூட்டரில் டேலியில் திறந்து கடைசி வவுச்சர் தேதியைப் பார்த்த பிறகுதான் அது பேக்கப். டேலிவால்ட் பாஸ்வேர்டு வைத்திருந்தால் மட்டும் நிலைமை வேறு. அது தொலைந்தால் டேலி நிறுவனத்தாலும் திறந்து கொடுக்க முடியாது. அதை முதலாளியிடம் முன்கூட்டியே சொல்லி, ஒரு தாளில் எழுதி பீரோவில் வைக்கச் சொல்ல வேண்டியவர்கள் நீங்களும் நானும்தான்.

இதுவரை சொன்னது பூட்டாத டிஸ்க்குக்கு. இனிமேல் வருகிற லேப்டாப்கள் அப்படியில்லை, என் பயமெல்லாம் அதில்தான். விண்டோஸ் 11-இல், முக்கியமாக 2024-இல் வந்த 24எச்2 பதிப்பிலிருந்து, புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால் பெரும்பாலான லேப்டாப்களில் டிஸ்க் தானாகவே என்கிரிப்ட் ஆகிவிடுகிறது. யாரும் கேட்பதுமில்லை, யாருக்கும் தெரிவதுமில்லை. டிஸ்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டினாலும், லினக்ஸ் பென்டிரைவ் போட்டாலும் உள்ளே இருப்பதைப் படிக்க முடியாது. 48 இலக்க ரெக்கவரி கீ ஒன்றுதான் வழி. அது அந்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் போய் உட்கார்ந்திருக்கும். பணத்தால் இதைத் திறக்க முடியாது. ஸ்டெஃபான் தாமஸ் என்கிற புரோகிராமர், 7,002 பிட்காயினின் சாவியை வைத்திருந்த பென்டிரைவின் பாஸ்வேர்டைத் தொலைத்தார். பத்துத் தடவைதான் முயலலாம், எட்டு முடிந்துவிட்டது என்று 2021-இல் உலகம் முழுக்கச் செய்தி வந்தது. அத்தனை கோடி டாலர் உள்ளே இருந்தும் அப்போது வழி பிறக்கவில்லை.

2025-26 பட்ஜெட்டில் இரண்டு வருஷத்தில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப்போ டேப்லெட்டோ தருவதாக அரசு அறிவித்தது. அந்தப் பிள்ளைகளும் பாஸ்வேர்டை மறப்பார்கள். மறந்தால் மைக்ரோசாஃப்ட் கணக்கைப் போன் நம்பருக்கு வரும் ஓடிபி வைத்து மீட்கலாம். ஆனால் அந்தப் போன் நம்பர் யாருடையது? கவுன்சிலிங்குக்கும் ஸ்காலர்ஷிப்புக்கும் ஈமெயில் திறந்து கொடுத்தது பிரவுசிங் சென்டர். அவசரத்தில் சென்டர்க்காரர் தன் நம்பரையே போட்டிருப்பார். இல்லையென்றால் அப்பாவின் பழைய சிம், ரீசார்ஜ் போடாமல் எப்போதோ வேறு யாருக்கோ போய்விட்டது. பாதுகாப்பு விவரங்கள் எல்லாவற்றையும் மாற்றினால் மைக்ரோசாஃப்ட் 30 நாள் காக்க வைக்கும். அதுவும் கணக்குக்குள் போக முடிந்தால்தான். செமஸ்டர் பிராஜெக்டைச் சமர்ப்பிக்க இரண்டு நாள் இருக்கிற பெண்ணுக்கு 30 நாள் எதற்கு உதவும்?

ஆகவே புது லேப்டாப் எந்த வேலைக்காக உங்கள் கையில் வந்தாலும், சார்ஜர் மாற்றவோ ஆபீஸ் போடவோ வந்தாலும், உடையவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டு நிமிஷம் செலவழியுங்கள். அவர் கணக்கில் உள்ள போன் நம்பர் இப்போது அவர் கையில் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ரெக்கவரி கீயை அவரையே எடுத்து, தாளில் எழுதி வீட்டில் வைக்கச் சொல்லுங்கள். ஆறு ஆறு இலக்கமாக எட்டு கட்டு, எழுதுவது பெரிய வேலையில்லை. நீங்கள் அதைப் படம் எடுத்து உங்கள் போனில் வைக்காதீர்கள்.

யாருடைய லேப்டாப் என்று கேட்பதையும் வழக்கமாக்குங்கள். அடகில் வந்ததும் திருட்டில் வந்ததும் உங்கள் மேசைக்குத்தான் வரும். பில்லோ, பள்ளியில் கொடுத்த சீட்டோ, திறந்ததும் உள்ளே தெரிகிற பெயரோ, ஏதாவது ஒன்று ஒத்துப்போக வேண்டும். உடையவர் அனுமதியில்லாமல் கம்ப்யூட்டரைத் திறப்பது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 43, 66 பிரிவுகளில் வருகிறது. கெட்ட எண்ணத்தோடு செய்ததாகப் பட்டால் மூன்று வருஷம் வரை சிறை. சட்டத்தைவிட எனக்குப் பெரிதாகப் படுவது இன்னொன்று. நம் ஊர்ப் பெண்பிள்ளைகள் லேப்டாப்பைக் கடையில் விட்டுவிட்டுப் போகவே பயப்படுகிறார்கள். அந்தப் பயத்தால் பிராஜெக்ட் போனாலும் பரவாயில்லை, நீங்களே எல்லாத்தையும் அழிச்சிருங்க என்று சொல்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஃபைல் எடுக்கும் வேலையை உடையவர் பார்க்கும்படி, அவர் கொண்டுவந்த பென்டிரைவிலேயே செய்யுங்கள். உங்கள் கம்ப்யூட்டரில் ஒரு காப்பிகூடத் தங்கக் கூடாது.

எல்லாம் கேட்டும் ஃபார்மட்தான் வழி என்றால் போடுங்கள், நான் தடுக்கவில்லை. விண்டோஸ் 8 காலத்திலிருந்து கம்பெனி விண்டோஸோடு வந்த லேப்டாப்பில் லைசென்ஸ் கீ மதர்போர்டிலேயே பதிந்திருக்கிறது. அதே பதிப்பை நிறுவினால் தானாக ஆக்டிவேட் ஆகும். கிராக் போட வேண்டிய அவசியமே இல்லை. ஏற்கெனவே வேறெங்காவது ஃபார்மட் போட்டுவிட்டு அழுதுகொண்டு யாராவது வந்தால், முதலில் லேப்டாப்பை அணைக்கச் சொல்லுங்கள். பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க்காக இருந்தால் போட்டோரெக் மாதிரி இலவச மென்பொருளில் ஓரளவு மீட்க வாய்ப்புண்டு, மேலே எதுவும் எழுதாதவரை. எஸ்எஸ்டியாக இருந்தால் அநேகமாக இல்லை. இல்லை என்றால் இல்லை என்று நேராகச் சொல்லிவிடுங்கள், வீணாக அலைய வைக்க வேண்டாம்.

கூலி விஷயத்துக்கு வருகிறேன் என்றேன். ஃபைல் எடுப்பதற்குத் தனிக் கூலி வாங்குங்கள், போர்டில் எழுதிப் போடுங்கள். ஃபார்மட் கூலியைவிட அதிகமாகவே வாங்குங்கள். அதில் வேலையும் பொறுப்பும் அதிகம். சனிக்கிழமை வாரச் சம்பளத்திலிருந்து எடுத்துக் கொடுக்கிறவர்தான் உங்கள் வாடிக்கையாளர், அவருக்கு ஒவ்வொரு ரூபாயும் தெரியும். ஆனால் இன்ன படம், இன்ன ஃபைல் திரும்பக் கிடைக்கும் என்று சொல்லிக் கேட்டால் அவர் தருவார். அந்த அக்கா இரண்டு வாரச் சம்பளத்தைக்கூடக் கொடுத்திருப்பார், கேட்க ஆளில்லை.

கடையில் லேப்டாப்பை வாங்கும்போதே நிரப்ப ஒரு சின்னச் சீட்டு எழுதி வைத்திருக்கிறேன். உடையவர் பெயர், உள்ளே முக்கியமாக என்ன இருக்கிறது, எடுக்க வேண்டியது படமா கணக்கா சான்றிதழா, டேலி உண்டா, ஃபார்மட் போட்டால் எல்லாம் அழியும் என்று தமிழில் படித்துச் சொன்னதற்குக் கையெழுத்து. இவ்வளவுதான். சிவகாசியில் எனக்குத் தெரிந்த அச்சாபீஸில் நூறு நூறு கட்டாக அடித்துத் தரச் சொல்கிறேன், செலவு என்னுடையது. யாருக்கு எத்தனை கட்டு வேண்டும் என்று சொல்லி அனுப்புங்கள், பயராபீஸ் வேனில் கொடுத்துவிடுகிறேன்.

அன்புடன்,
ஆலங்குளத்திலிருந்து
கணக்கு எழுதும் உங்கள் அக்கா